சக்கரம் முனகினால் காது கொடுங்கள்

எங்கள் வீட்டில் ஓடுவது 1998-ஆம் ஆண்டு புரோட்டோன் வீரா. வாரத்தில் மூன்று நாள் அப்பா அதில்தான் அம்மாவை மேருவிலிருந்து கிள்ளானுக்கு இரத்தச் சுத்திகரிப்புக்கு அழைத்துப் போகிறார். மழை, நெரிசல் என்று எதைச் சொல்லியும் தள்ளிப்போட முடியாத பயணம். அதனால்தான் அந்தக் காரின் முன்பக்கத்திலிருந்து ஒரு முனகல் கேட்கத் தொடங்கியதும் எனக்கு நிம்மதி போய்விட்டது.

மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டினால் முனகும். வேகம் கூடக் கூட அதுவும் கூடும். “டயர் பழசாச்சு, அதான்” என்றார் அப்பா. “வித்துட்டு மைவி எடுங்க” என்றார் மாமா. எடுக்கலாம், ஒன்பது ஆண்டு வரை கடன் கிடைக்கும். ஆனால் அம்மாவின் மருந்துச் செலவும் என் படிப்புக் கடனும் இருக்கும் வீட்டில், ஒன்பது ஆண்டு என்பது சின்னச் சொல் இல்லை.

பட்டறைக்குப் போனேன். போர்மேன் அண்ணன் உடனே காரைத் தூக்கவில்லை. “ரேடியோவ அடைச்சிட்டு என்னோட ஒரு ரவுண்டு வா தம்பி” என்றார். ஆளில்லாத சாலையில் இடப்பக்கம் வளைத்தார், முனகல் கூடியது. வலப்பக்கம் வளைத்தார், அடங்கியது. “வலது முன் சக்கரத்து பேரிங்” என்றார்.

காரணம் எளிது. கார் இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலப்பக்கச் சக்கரங்கள்மேல் சாய்கிறது. பாரம் ஏறும்போதுதான் தேய்ந்த பேரிங் அதிகம் கத்தும். டயர் சத்தம் அப்படியில்லை; சாலையின் தரை மாறினால் அதுவும் மாறும்.

பிறகுதான் ஜாக்கி போட்டார். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார், லேசாக ஆடியது. பக்கவாட்டில் மட்டும் ஆடினால் முதலில் டை ராட் எண்டைச் சந்தேகப்பட வேண்டுமாம். ஸ்பிரிங்மேல் என் கையை வைக்கச் சொல்லிச் சக்கரத்தைச் சுற்றினார். உள்ளே மணல் அரைபடுவதுபோல விரலில் தெரிந்தது.

பேரிங் என்பது இரண்டு எஃகு வளையங்கள், நடுவே உருளும் குண்டுகள், கொஞ்சம் கிரீஸ், அதைக் காக்கும் ரப்பர் சீல். அதற்கு எதிரி குழியும் தண்ணீரும். லோரிகள் ஓயாத மேரு சாலையில் குழிக்குப் பஞ்சமில்லை. தண்ணீரோ இன்னும் மோசம். ஓடிச் சூடேறிய சக்கரம் வெள்ளத்தில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீலின் ஓரமாக நீரை இழுத்துக்கொள்ளும். நீர் கலந்த கிரீஸ் வலுவிழக்கும், எஃகு துருப்பிடிக்கும், முனகல் பல மாதம் கழித்து வரும். 2021 டிசம்பர் வெள்ளத்தில் கிள்ளானிலும் ஷா ஆலாமிலும் எத்தனை கார்கள் நீரில் நின்றன என்பதை நாம் பார்த்தோம். பழைய கார் வாங்குகிறவர்கள் இதையும் விசாரிப்பது நல்லது.

பேரிங்கோடு கதை முடியவில்லை. லோவர் ஆர்ம் புஷ்ஷில் ரப்பர் வெடித்திருந்தது. பால் ஜாயிண்ட்டும் தளர்ந்திருந்தது. என்னைப் பயமுறுத்தியது அதுதான். ஓடும்போது அது கழன்றால் சக்கரம் மடங்கிவிடும். ஸ்டீரிங்கை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் பயனில்லை. பின்னால் லோரி வரும் சாலையில், 70 வயது அப்பாவையும் சிகிச்சை முடிந்து சோர்ந்து சாய்ந்திருக்கும் அம்மாவையும் நினைத்துப் பார்த்தேன். அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை.

“ஹாஃப்கட் சாமான் போட்டா மலிவா முடியுமா அண்ணே?” என்று கேட்டேன். “எஞ்சின், கியர்பாக்ஸ்னா பார்க்கலாம். பேரிங்கும் ரப்பரும் புதுசுதான்” என்றார். நல்லவேளையாக வீரா, மிட்சுபிஷி லான்சரை அடிப்படையாகக் கொண்டு 1993-இல் வந்த கார். 2009 வரை தயாரித்தார்கள். சாமானுக்கு இன்னும் தட்டுப்பாடில்லை.

அம்மாவுக்குச் சிகிச்சை இல்லாத நாளில் காரை விட்டேன். கூலியோடு ஆயிரம் வெள்ளிக்குள் முடிந்தது. பக்கத்தில் நின்று பார்த்ததில், விலையைவிட வேலை செய்யும் முறைதான் முக்கியம் என்று புரிந்தது. பேரிங்கைப் பிரஸ் இயந்திரத்தில் வைத்து நிதானமாக அழுத்தி ஏற்ற வேண்டும். சுத்தியலால் அடித்தால் குண்டுகள் ஓடும் பாதையில் பள்ளம் விழும். புதுப் பேரிங்கே சில வாரத்தில் முனகும். புஷ் போல்ட்டுகளை, காரைக் கீழே இறக்கி அதன் பாரம் சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசியாக முடுக்க வேண்டும். தொங்கும்போதே முடுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். எல்லாம் முடிந்தபின் அலைன்மெண்ட் பார்க்காவிட்டால் டயர் ஒருபக்கமாகத் தேயும்.

நம் நாட்டில் சொந்தக் கார்களுக்கு ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனை கிடையாது. பெயர் மாற்றும்போது போன்ற சில சமயங்களில்தான் பரிசோதனை மையத்துக்குப் போகிறோம். காப்புறுதி எடுத்துச் சாலை வரி கட்டிவிட்டால், காரின் அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கப் போவதில்லை. அந்தக் கேள்வியை வீட்டில் யாராவது ஒருவர்தான் கேட்க வேண்டும்.

கழற்றிய சாமானைக் காட்டச் சொல்லுங்கள். நல்ல போர்மேன் கோபிக்க மாட்டார். அப்பா அம்மா ஓட்டும் கார் என்றால், வாரக் கடைசியில் அதை நீங்கள் ஒருமுறை ஓட்டுங்கள், ரேடியோ இல்லாமல். கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும் சத்தம் தினமும் ஓட்டுகிறவர் காதுக்குப் பழகிப்போகும். புதிதாக உட்காருகிறவருக்குத்தான் அது கேட்கும்.