தென்தீவுச் சாலைகள் – 4: மழை வகுத்த வழி

சென்ற பகுதியை வானாக்கா ஏரிக்கரையில் நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து ஹாஸ்ட் கணவாய் வழியாக நியூசிலாந்தின் மேற்குக் கடற்கரைக்கு ஆறாம் எண் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 140 கிலோமீட்டர். பெட்ரோலை வானாக்காவிலேயே நிரப்பிக்கொள்வது நல்லது. நம் ஊரைப் போல இங்கும் இடப்பக்க ஓட்டம்தான்.

கிளம்பிய சிறிது நேரத்திலேயே ஹாவியா ஏரி கூடவே வரத் தொடங்குகிறது. ஒரு பக்கம் கருநீலத் தண்ணீர், மறுபக்கம் பழுப்பேறிய புல்வெளிச் சரிவு. மின் உற்பத்திக்காக 1958-ல் அணை கட்டி இந்த ஏரியின் நீர்மட்டத்தை 20 மீட்டர் உயர்த்தினார்கள். பழைய கரை அடியில் மூழ்கிக் கிடக்கிறது. ஒரு குறுகிய நிலத்திட்டில் ஏறி இறங்கினால் ஹாவியா மறைந்து மறுபடி வானாக்கா எதிரே விரிகிறது. இரண்டு ஏரிகளையும் குடைந்தவை பழங்காலப் பனியாறுகள்.

மகரோராவைத் தாண்டியதும் காட்சி மாறுகிறது. புல்வெளி போய், பாசி போர்த்திய பீச் மரங்கள் சாலையை நெருக்குகின்றன. டாஸ்மான் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று தென் ஆல்ப்ஸ் மலையில் மோதி மேற்கிலேயே கொட்டித் தீர்க்கிறது. கிழக்கே மிச்சம்தான் வருகிறது. கம்பத்தில் நின்றபடி தேக்கடி மலையில் மழை இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. வானாக்காவில் ஆண்டுக்குச் சுமார் 700 மில்லிமீட்டர் மழை. ஹாஸ்ட் கடற்கரையில் 3,000-க்கும் மேல்.

கணவாயின் உயரம் 560 மீட்டர் அளவுதான். தென் ஆல்ப்ஸைக் கடக்கும் சாலைகளில் இதுவே மிகத் தாழ்ந்தது. பவுனாமு என்னும் பச்சைக்கல்லைத் தேடி மாவோரி மக்கள் நெடுங்காலம் நடந்த வழி இது. 1863-ல் இதைக் கடந்த ஜெர்மானிய நிலவியலாளர் ஜூலியஸ் ஹாஸ்டின் பெயர்தான் பிற்பாடு நிலைத்தது. வண்டியை ஓரமாக நிறுத்திச் சற்று நேரம் நின்றேன். மழை தூறியது. இங்கே தெற்கே விழும் துளி மகரோரா ஆற்றில் சேர்ந்து வானாக்கா ஏரிக்குப் போய், க்ளூத்தா நதியாகப் பசிபிக்கை அடையும். சற்று வடக்கே விழுவது ஹாஸ்ட் ஆற்றோடு டாஸ்மான் கடலுக்கே திரும்பிவிடும்.

அதன் பிறகு சாலை செங்குத்தாக இறங்குகிறது. 'ஹாஸ்ட் வாயில்' எனப்படும் இடத்தில் வீடளவு பாறைகளுக்கு நடுவே ஆறு இரைந்துகொண்டு பாய்கிறது. கொஞ்சம் கீழே, தண்டர் க்ரீக் அருவி 28 மீட்டர் உயரத்திலிருந்து நேராக விழுகிறது. மழை வலுக்க வலுக்க, பெயரில்லாத அருவிகள் மலையெங்கும் முளைத்தன. இந்தச் சாலைக்கு வெயில் நாளைத் தேடிக் காத்திருக்காதீர்கள் என்று மனமாரச் சொல்வேன். மழைதான் இதன் முழு அழகு.

ஹாஸ்ட் ஆற்றுப் பாலம் 700 மீட்டருக்கு மேல் நீளம், ஆனால் ஒரே தடம். எதிரே வண்டி வந்தால் ஒதுங்க நடுவில் இரண்டு இடங்கள் விட்டிருக்கிறார்கள். பாலம் தாண்டி ஷிப் க்ரீக்கில் இறங்கினால், ஒரு புறம் அலையடிக்கும் மணல்மேடு, மறுபுறம் சதுப்பில் நிற்கும் கஹிகாட்டியா மரங்கள். மணல் ஈக்கள் கடித்துப் பிடுங்கும்; முழுக்கைச் சட்டை அவசியம்.

இன்னும் வடக்கே, நைட்ஸ் முனை. கணவாய்ச் சாலை 1960-ல் ஹாஸ்டை எட்டினாலும், அங்கிருந்து வடக்கே பனியாற்று நாடு வரை இணைப்பு முழுமையானது 1965-ல்தான். அதுவரை இந்தக் கரையோரத்து மக்கள் வடக்கே போகக் கால்நடைத் தடங்களையும் கப்பலையும் விமானத்தையுமே நம்பியிருந்தார்கள். இவ்வளவு மழையிலும் மலையிலும் சாலை போட்டவர்களின் உழைப்பை எண்ணியபடியே அங்கிருந்து கடலைப் பார்த்தேன்.

இதே மேகங்கள் இன்னும் உயரே போய்ப் பனியாகப் பெய்து இறுகினால் என்ன ஆகும்? ஃபாக்ஸ் பனியாறும் ஃப்ரான்ஸ் ஜோசஃப் பனியாறும் ஆகும். அடுத்த பகுதியில் அங்கே போவோம்.

(தொடரும்)