பனியில் வந்த பால்

திருச்சிராப்பள்ளிக்கு வடக்கே, துறையூர்ச் சாலையில், ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது திருவெள்ளறை. வெண்பாறைமேல் அமைந்த பெருமாள் கோயிலும் பல்லவர் காலத்துச் சுவத்திக வடிவக் கிணறும் அவ்வூருக்குப் புகழ் சேர்ப்பன. 1960-களில் அங்கிருந்து நாள்தோறும் திருவரங்கத்துக்குப் பால் கொண்டுசென்ற ஒருவர் இன்று முதுமை எய்திவிட்டார். மார்கழி பிறந்தால் அவர் பேச்சு அந்நாட்களுக்குத் திரும்பிவிடும்.

திருச்சி வட்டாரத்தில் மார்கழி வைகறையின் வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரி செல்சியசை ஒட்டியே நிற்கும். 1963 சனவரியில் இங்கிலாந்தில் தேம்ஸ் ஆற்றின் மேற்பகுதியே உறைந்துவிட்டது. அந்நாட்டார் கேட்டால், 'இதுவும் ஒரு குளிரா!' என்று நகைப்பர். ஆயின் அவர்களுக்குக் கம்பளியாடை இருந்தது. இவருக்கு இருந்தவை ஒரு வேட்டியும் தலையிற் சுற்றிய துண்டுமே.

மூன்று மணிக்கு எழுவார். கிணற்று நீர் அப்போது வெதுவெதுப்பாக இருக்கும். நிலத்தடி நீர் காற்றைப்போல் விரைந்து குளிர்வதில்லை அன்றோ? கறவை முடியும்வரை துன்பம் இல்லை. தூக்குகளை மிதிவண்டியின் இருபுறமும் மாட்டிச் சாலைக்கு வந்த பின்னரே வாடை தன் வேலையைத் தொடங்கும். மணச்சநல்லூர் அரிசி ஆலைகளைக் கடந்து கொள்ளிடப் பாலத்தை அடையும்போது விரல்கள் விறைத்துவிடும். பிரேக்கை அழுத்தினோமா இல்லையா என்பதே தெரியாது. ஆற்றின்மேல் மூடுபனி. எதிரே வரும் மாட்டுவண்டியின் விளக்கு, மாட்டின் மூச்சு மேலே படும் அளவுக்கு நெருங்கிய பின்னரே புலப்படும். (1928-இல் கட்டப்பட்ட அப்பாலத்தின் ஒரு பகுதி 2018-இல் வெள்ளத்தில் இடிந்து வீழ்ந்தது.) மெல்லச் செல்லலாம் என்றாலோ, முதல் வீட்டில் தாயற்ற கைக்குழந்தை ஒன்று இருந்தது. அதன் அழுகை தெருமுனையிலேயே கேட்கும். ஆதலால் பாலத்தில் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓடுவார்.

பனி விழுந்து பால் நீர்த்துவிட்டது என்று சாதித்த பால்காரர்களும் அந்நாளில் உண்டு. இவர் மூடியின்மேல் வாழையிலையையும் கட்டிவிடுவார்.

வைகுண்ட ஏகாதசியன்று திருவரங்க வீதிகளில் கால் வைக்க இடமிராது. அன்று நள்ளிரவிலேயே புறப்பட்டு, வண்டியை ஊர்ப்புறத்தில் நிறுத்திவிட்டுத் தூக்குகளைத் தலையிற் சுமந்து சென்றார்.

தை முதல் நாளில் திருவெள்ளறைக் கோயிலில் தட்சிணாயன வாசலை அடைத்து, உத்தராயண வாசலைத் திறப்பர். கதிரவன் வடக்கு நோக்கித் திரும்புவதையொட்டிய வழக்கம் அது. எனினும் பனி அன்றே விலகிவிடுவதில்லை. மாசி பிறக்கும்வரை அவர் தலைத்துண்டை அவிழ்த்ததில்லை.