மலைமேல் செம்மலர்

ஏற்காட்டை அடுத்த வெள்ளக்கடையில், காப்பிச் செடிகளுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்கள் மிளகுக் கொடிகளைத் தாங்கி நிற்பதைக் காண்கிறோம். அழகிய மரந்தான், ஆனால் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த விருந்தாளி. விருந்தாளியை இவ்வளவு அறிந்த நாம், நம் மலைகளின் சொந்தப் பிள்ளைகளை அறிவோமா?

அத்தகைய பிள்ளையொன்றைக் காண, சேர்வராயனை விட்டு மேற்கே நீலகிரிக்குச் செல்லவேண்டும். அங்கே 2,637 மீட்டர் உயர்ந்து நிற்கிறது தொட்டபெட்டா. அம்மலைகளில் சோலைகளின் ஓரத்திலும் புல்வெளிச் சரிவுகளிலும், முறுக்கிய கிளைகளோடு வளரும் சிறு மரமே ரோடோடென்ட்ரான். காட்டுப்பூவரசு என்று இதைத் தமிழில் அழைப்பர்; ஆயினும் ஊர்ப் பூவரசுக்கும் இதற்கும் உறவில்லை. ஐரோப்பியக் கரம்புகளை ஊதா வண்ணமாக்கும் ஹீத் புதர்களும், ஆஸ்திரேலியாவின் எபாக்ரிஸ் செடிகளுமே இதன் சுற்றத்தார். நீலகிரியிலேயே வளரும் கோல்தேரியாவும் இக்குலந்தான். அதன் இலையைக் கசக்கினால் வலிக்குத் தடவும் தைலத்தின் வாசனை வீசும். சாரமற்ற புளிப்பு மண்ணிலும், வேரில் குடிகொண்ட பூஞ்சணத்தின் துணையால் உணவு தேடிக்கொள்வது இக்குலத்தின் சாமர்த்தியம்.

பனிக்காலத்தில் அம்மரம் செந்நிறப் பூங்கொத்துக்களைச் சூடும்போது, தேன் நாடிச் சிறு பறவைகள் வந்து மொய்க்கும். இதே இனம் இமயமலைச் சாரலிலும் பூக்கிறது. நேபாளத்தின் தேசிய மலர் அதுவே. தெற்கே இலங்கையின் ஹார்ட்டன் சமவெளியிலும் அது உண்டு. இடையில் கிடப்பதோ வெயில் காயும் பெருநிலம்! பூமி குளிர்ந்திருந்த பண்டைக் காலத்தில் தெற்கே பரவிய இவ்வினம், வெப்பம் மிகுந்தபின் மலையுச்சிகளில் ஒதுங்கிற்று என்று அறிஞர் கருதுகின்றனர். இமயம் முதல் இலங்கை வரை ஒரே குடும்பம் என்பதற்கு இதைவிட அழகிய சாட்சி வேண்டுமோ?

இப்பிள்ளையின் வீடு இன்று சுருங்கிவிட்டது. 1843-இல் நீலகிரிக்கு யூகலிப்டஸ் வந்தது. வாட்டில் என்னும் சீகை மரமும் ஆஸ்திரேலியாவிலிருந்தே வந்தது. விறகுக்கும் பட்டைக்கும் நட்டவை புல்வெளிகளை மூடின. காட்டுத்தீயைத் தடித்த பட்டையால் தாங்கும் காட்டுப்பூவரசு, வாட்டிலின் அடர்ந்த நிழலைத் தாங்குவதில்லை. நஷ்டம் மலருக்கு மட்டுமன்று. மழைநீரை உறிஞ்சி வைத்துக் கோடையில் ஓடைகளுக்கு வழங்குபவை அப்புல்வெளிகளும் சோலைகளும். அந்த நீரே பவானியாகிக் காவிரியிற் கலக்கிறது.

அந்நியத் தாவரங்களை அகற்றி இயற்கை வனங்களை மீட்கத் தமிழ்நாட்டரசு 2022-இல் ஒரு கொள்கை வகுத்தது. நல்ல ஆரம்பம். ஆனால் பெயரறியாத மரத்துக்காக எவர் கவலைப்படுவர்? உதகைக்குச் செல்லும் குடும்பத்தார் ரோஜாத் தோட்டத்தோடு திரும்பாமல், இம்மரத்தையும் குழந்தைகளுக்குக் காட்டட்டும். மலரைப் பறிக்க வேண்டாம். பெயரைச் சொல்லிக் கொடுத்தால் போதும்.