ஆறு நாள் நெய்

பரீட்சைக்கு முந்தின ராத்திரி புத்தகத்தைத் திறக்கும் ரகம் நான். அப்படிப்பட்டவனுக்கு 'தயாராவது' என்றால் என்ன என்று பாடம் எடுத்தது ஒரு டம்ளர் நெய் :)

அப்பாவுக்குப் பல வருஷமாக சோரியாசிஸ். போன செமஸ்டர் லீவில் பாலக்காடு பக்கம் ஓர் ஆயுர்வேத மருத்துவமனையில் சேர்த்தோம். பொள்ளாச்சியிலிருந்து பக்கம்தான். பஞ்சகர்மா என்றால் எண்ணெய் தேய்ப்பார்கள், பேதிக்குக் கொடுப்பார்கள், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். வைத்தியரோ 'ஸ்நேகபானம்' என்று ஆரம்பித்தார். மூலிகைகள் போட்டுக் காய்ச்சிய நெய்யைக் காலையில் வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். அப்பாவுக்கு மகாதிக்தக நெய். திக்தம் என்றால் கசப்பு. பெயரிலேயே எச்சரிக்கை!

முதல் நாள் 30 மில்லி, மறுநாள் 60. அளவு ஏறிக்கொண்டே போனது. குடித்தபின் வெந்நீர்தான். நெய் செரித்து, நிஜமாகவே பசித்தால் கஞ்சி. பகல் தூக்கம் கிடையாது. உடம்பில் ஆழமாக ஒட்டியிருக்கும் தோஷங்களை நெய் இளக்கும், வியர்வைச் சிகிச்சை குடலுக்குக் கொண்டுவரும், பேதி வெளியேற்றும் என்பது ஆயுர்வேதத்தின் கணக்கு. சரக சம்ஹிதை இதற்கு 3 முதல் 7 நாள் வரை சொல்கிறது. எப்போது நிறுத்துவது? தோல் மென்மையாகி, மலத்தில் நெய்ப்பசை தெரிந்து, நெய் என்றாலே குமட்ட வேண்டும்.

நாலாம் நாள் அப்பா டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டார்.

"ஏன்டா, பி.காம் படிக்கிறயே, கணக்குப் போடு. ஒரு நாள் பேதிக்குப் பத்து நாள் கடையை மூடணுமா?"

என்னிடம் பதில் இல்லை. வைத்தியர்தான் சொன்னார். காய்ந்த கம்பை அப்படியே வளைத்தால் ஒடிந்துவிடும், எண்ணெய் பூசி அனல் காட்டினால் வளையும் என்று. அப்பா மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். ஆறாம் நாளோடு நெய் முடிந்தது. அடுத்த மூன்று நாள் எண்ணெய் தேய்த்து ஆவி பிடித்தார்கள்.

அந்த முதல் நாள்தான் எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றபோது அப்பாவின் முதுகைப் பார்த்தேன். செதில் செதிலாக, சிவந்து, இடுப்பு வரைக்கும். ஒரே வீட்டில் இருபது வருஷம் இருந்தும் எனக்குத் தெரியாது. சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை போடுவதை ஸ்டைல் என்று கிண்டல் செய்திருக்கிறேன். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பேதி ஒரே காலையில் முடிந்தது. பிறகு கஞ்சியில் தொடங்கி மெதுவாகச் சாப்பாட்டுக்கு வந்தார். நோய் போய்விட்டதா என்றால், இல்லை. சோரியாசிஸை அடியோடு போக்கும் மருந்து எந்த வைத்தியத்திலும் இன்னும் வரவில்லை. செதில் குறைந்தது, அரிப்பு அடங்கியது, மார்கழியில் கொஞ்சம் திரும்பி வந்தது. ஆனால் இப்போதெல்லாம் அப்பா வீட்டில் பனியனோடு உட்காருகிறார். முதுகுக்கு எண்ணெய் தேய்க்க என்னைத்தான் கூப்பிடுகிறார். என் கணக்கில் அந்தப் பத்து நாளின் லாபம் அதுதான்.

பி.கு: இதைப் படித்துவிட்டு வீட்டில் நெய்யைக் காய்ச்சிக் குடிக்கக் கிளம்பிவிடாதீர்கள். அப்பாவுக்கே கொழுப்பு, சர்க்கரை, கல்லீரல் எல்லாம் ரத்தத்தில் பார்த்த பிறகுதான் முதல் டம்ளர் வந்தது.