உமித்தீ

எங்க ரெட்டிபாளையத்துல அறுபது தாண்டினவங்க மடியைத் துழாவினா ரெண்டு பொருள் கிடைக்கும். ஒண்ணு வெத்தலை பாக்கு, இன்னொண்ணு வலி மாத்திரை. களை வெட்டப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு, படுக்கறப்போ ஒண்ணு. கேட்டா, "வயசானா வலிக்கத்தானே செய்யும்"னு முடிச்சுடுவாங்க.

எங்க வீட்டுக்காரம்மாவும் மூட்டு வலிக்கு ரெண்டு வருஷமா மெடிக்கல்ல வாங்கிப் போட்டுக்கிட்டுதான் இருந்தாங்க. போன மாசம் ரத்தம் சோதிச்சதுல கிரியாட்டினின் கூடுதல்னு வந்துச்சு. டாக்டரம்மா மாத்திரையை உடனே நிறுத்தச் சொல்லிட்டாங்க. அப்போ அவங்க சொன்ன வார்த்தைதான் 'அழற்சி'.

கால்ல முள்ளு குத்தினா சிவந்து, வீங்கி, சுட்டு, வலிக்குமே, அதுதான் அழற்சி. கிருமியோட உடம்பு போடுற சண்டை. ரெண்டு நாள்ல அடங்கிடும். அடங்காம உள்ளுக்குள்ளயே புகையறதுதான் ஆபத்து. உமியில பத்தின நெருப்பு மாதிரி. மேல சாம்பலா இருக்கும், கை வெச்சாத்தான் சூடு தெரியும். தொப்பைக் கொழுப்பு, புகையிலை, சொத்தைப் பல்லும் ஈறு வீக்கமும், தூக்கக் குறைவு, தூசி, புகை எல்லாம் அதை ஊதி விடுது. வருஷக் கணக்கா கனன்றா ரத்தக்குழாய் கெடும், சர்க்கரை ஏறும், மூட்டு தேயும்.

மூப்போட சேர்ந்து வர்ற இந்தக் கனலுக்கு இத்தாலி விஞ்ஞானி பிரான்செஸ்கி 2000-ல தனியா ஒரு பேரே வெச்சாரு. 2017-ல வெளிவந்த ஒரு ஆய்வுல, மாரடைப்பு வந்த சுமார் 10,000 பேருல ஒரு பகுதிக்கு, கொழுப்பைத் தொடாம அழற்சியை மட்டும் குறைக்கிற ஊசி போட்டுப் பார்த்தாங்க. மறுபடி மாரடைப்பு, பக்கவாதம் வர்றது 15 சதவீதம் அளவுக்குக் குறைஞ்சுது. ஆனா கிருமித் தொற்றுல செத்தவங்க கொஞ்சம் கூடிட்டாங்க. ஒரேயடியா அணைச்சா காவலும் போயிடுது.

சரி, வயசானாலே இது வந்துதான் தீருமா? 2025-ல வந்த ஆய்வு வேற சொல்லுது. இத்தாலி, சிங்கப்பூர்காரங்களுக்கு வயசோட அழற்சி ஏறுது. பொலிவியா காட்டுல இருக்கற சிமானே மக்களுக்கும் மலேசியாவோட ஒராங் அஸ்லி மக்களுக்கும் அப்படி ஏறலை. அவங்களுக்கும் அழற்சி உண்டு, ஆனா அது பெரும்பாலும் கிருமியால வர்றது. மாரடைப்பும் சர்க்கரையும் அவங்ககிட்ட ரொம்பக் குறைவு.

எங்க ஊரைப் பாருங்க. கம்பும் வரகும் போய் மூணு வேளையும் அரிசி. காட்டுக்குப் போக வண்டி. நாலு தடவை சர்க்கரை போட்ட டீ. ரோட்டுல சுண்ணாம்புக்கல் லாரிப் புழுதி. வயசு மேல மட்டும் பழி போட்டா எப்படி?

இன்னொண்ணு. மாட்டுக்கு வலிக்குப் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ன கழுகுங்களோட சிறுநீரகத்தை அழிச்சுது. 2006-ல மாட்டுக்கு அதைத் தடை பண்ணிட்டாங்க. மனுஷங்க மட்டும் அதையே சீட்டு இல்லாம வாங்கித் தின்னுக்கிட்டிருக்கோம்.

இப்போ வீட்டுக்காரம்மா அரை நாள்தான் காட்டு வேலை. மீதிக்குக் கூலி ஆள். செலவுதான், ஆனா டயாலிசிஸுக்கு முன்னால அது ஒண்ணுமில்லை. மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கு வர்ற அம்மாகிட்ட எல்லா மாத்திரை அட்டையையும் காட்டச் சொல்லிட்டேன்.

பட்டணத்துல இருக்கறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. ஊருக்கு போன் பண்றப்போ "சாப்டீங்களா"னு கேக்கறீங்க இல்ல, அதோட "என்ன மாத்திரை போடுறீங்க"னும் கேளுங்க.