இல்லாத ஊருக்கு வழி

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் படத்தை விரித்து வைத்துக்கொண்டு, பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்து தேடினாலும், ‘மிஸ்டிக் ஃபால்ஸ்’ என்னும் ஊர் உங்களுக்கு அகப்படாது. அப்படி ஓர் ஊரே கிடையாது! ஆயினும் அந்த ஊரைப் பார்ப்பதற்கென்று கடல் கடந்தெல்லாம் பெண்கள் புறப்பட்டு வருகிறார்கள். வந்து, ஏமாறாமல், ஆசை தீரப் பார்த்துவிட்டுத் திரும்பியும் போகிறார்கள். ‘போகாத ஊருக்கு வழி கேட்கிறாயே’ என்று பாட்டிமார்கள் கேலி செய்வதுண்டு அல்லவா? இவர்கள் இல்லாத ஊருக்கே வழி கண்டுபிடித்துவிட்டார்கள்.

வழி இதுதான். வர்ஜீனியாவை மறந்துவிடுங்கள். அதற்கு வெகு தெற்கே உள்ள ஜார்ஜியா மாநிலத்தின் தலைநகரான அட்லாண்டாவில் விமானத்தை விட்டு இறங்குங்கள். இருபதாம் நம்பர் நெடுஞ்சாலையில் கிழக்கு நோக்கி சுமார் 35 மைல் காரில் போனால், கோவிங்டன் என்ற சிற்றூர் வரும். ஜனத்தொகை ஏறக்குறைய 14,000. ஊர் நடுவே மரங்கள் நிழல் தரும் ஒரு சதுக்கம். அதன் ஓரத்தில் 1884-ல் கட்டிய செங்கல் நியாயஸ்தலம், அதன் தலையில் ஒரு மணிக்கூண்டு. காரிலிருந்து இறங்கிய பெண்கள் வேறு எதையும் கவனிப்பதில்லை, மணிக்கூண்டை அண்ணாந்து பார்த்து, “அதேதான்!” என்று கூவுகிறார்கள். டெலிவிஷனில் எட்டு வருஷம் பார்த்துப் பழகிய மணிக்கூண்டல்லவா!

அந்தத் தொடரின் பெயர் ‘தி வாம்பயர் டயரீஸ்’. அதாவது, ரத்தக்காட்டேரியின் நாட்குறிப்புகள். பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். உங்கள் வீட்டில் கல்லூரியில் படிக்கும் பெண் இருந்தால் அவளைக் கேளுங்கள். உங்களுக்கு முன்பே அவளுக்குக் கதை முழுவதும் தெரிந்திருக்கக்கூடும். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெற்றோரைக் கார் விபத்தில் பறிகொடுத்த எலெனா என்ற பள்ளி மாணவி. அவள் வகுப்பில் புதிதாகச் சேரும் ஸ்டெபான் என்ற அழகன். அவன் 1864-ல் செத்துக் காட்டேரியாகி, அன்று முதல் பதினேழு வயதைத் தாண்டாதவன். அவனுக்கு டேமன் என்று ஓர் அண்ணன். வாயைத் திறந்தால் குத்தல், செய்வதெல்லாம் துஷ்டத்தனம். அண்ணனும் தம்பியும் முன்னொரு காலத்தில் காதரின் என்ற ஒரே பெண்ணைக் காதலித்தார்கள். எலெனாவோ அச்சு அசலாக அந்தக் காதரினைப் போலவே இருக்கிறாள்! பல்கேரியாவில் பிறந்த நினா டோப்ரெவ் என்ற நடிகை இரண்டு பாத்திரங்களையும் தாமே ஏற்று நடித்தார். இரட்டை வேடம் என்றால் என்ன என்று நம் பெண்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒருத்தி சாது, ஒருத்தி சாகசக்காரி. புடவைக் கட்டு மாறுவதற்குப் பதில் தலைமயிர் சுருள்கிறது, அவ்வளவுதான்.

2009 செப்டம்பர் 10-ம் தேதி ஆரம்பித்து 2017 மார்ச் 10-ம் தேதி முடிய, 171 பகுதிகள் வந்தன. ‘அடுத்த வாரம் என்ன ஆகும்?’ என்று தவித்த தவிப்பு இருக்கிறதே, அது தொடர்கதை படிக்கிற உங்களுக்குத் தெரியாததா?

காட்டேரி கதைக்கு இந்த ஊர் அகப்பட்டது எப்படி என்று கேட்பீர்கள். காதலும் கலையும் காரணமல்ல. வரிச் சலுகைதான் காரணம். முதல் பகுதியைக் கனடாவிலுள்ள வான்கூவர் நகரில் எடுத்தார்கள். ஜார்ஜியா அரசாங்கம் 2008-ல் ஒரு சட்டம் கொண்டு வந்திருந்தது: எங்கள் மாநிலத்தில் வந்து படம் எடுத்தால் செலவில் நூற்றுக்கு 20 வரியில் கழித்துக்கொள்ளலாம், படத்தில் எங்கள் மாநிலத்தின் சின்னத்தைக் காட்டினால் இன்னும் 10 கழித்துக்கொள்ளலாம். அப்புறம் கேட்பானேன்? காட்டேரிகள் மூட்டை முடிச்சுகளுடன் தெற்கே வந்துவிட்டன. கோவிங்டனுக்கும் காமிரா புதிதல்ல. 1978-லேயே ‘தி டியூக்ஸ் ஆஃப் ஹாஸர்ட்’ தொடரின் முதல் ஐந்து பகுதிகளை இந்தப் பக்கத்தில்தான் எடுத்தார்கள். பிறகு ‘இன் தி ஹீட் ஆஃப் தி நைட்’ என்ற போலீஸ் தொடர் வருஷக்கணக்காக இங்கே நடந்தது. ஆனால் போலீஸ்காரரைத் தேடி இவ்வளவு பெண்கள் வந்ததாகத் தெரியவில்லை!

சதுக்கத்தின் மூலையில் ‘மிஸ்டிக் கிரில்’ என்று ஒரு சாப்பாட்டு விடுதி இருக்கிறது. அதன் பூர்வோத்தரம் வேடிக்கையானது. கதையில் வரும் இளைஞர்கள் எல்லோரும் பள்ளி விட்டதும் அங்கேதான் கூடுவார்கள். ஆனால் நிஜத்தில் அந்தக் கட்டடத்தின் வெளிமுகத்தை மட்டுமே படம் எடுத்தார்கள். உள்ளே நடப்பதெல்லாம் ஸ்டூடியோவில் போட்ட செட்டு. ஊரைத் தேடி வந்த ரசிகைகள் கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு, சாப்பாடும் இல்லை, டேமனும் இல்லை என்று முகம் வாடிப் போனார்கள். இத்தனை பசியை வீணாக்குவானேன் என்று யாருக்கோ தோன்றியிருக்க வேண்டும். நிஜமாகவே அந்தப் பெயரில் விடுதியைத் திறந்துவிட்டார்கள். கதையில் முளைத்த ஹோட்டலில் இன்று நீங்கள் காசு கொடுத்து வயிறாரச் சாப்பிடலாம். பக்கத்துச் செங்கல் சுவரில் இல்லாத ஊரின் பெயரைப் பெரிதாக எழுதி ஓவியமும் தீட்டியிருக்கிறார்கள். அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள முறை வைத்துக் காத்திருக்க வேண்டும்.

விடுதியில் எனக்கு அடுத்த மேஜையில் ஒரு தாயும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். மகள் ஸ்டெபான் கட்சி. தாயார் டேமன் கட்சி. உருளைக்கிழங்கு வறுவல் ஆறிப் போவதுகூடத் தெரியாமல் இருவரும் வழக்காடினார்கள். இந்தக் கட்சிப் பிரிவினை உலகம் முழுவதும் உண்டு. பொறுமையும் தியாகமும் உள்ள தம்பியா? கெட்டவனாயிருந்து அவளுக்காகத் திருந்துகிற அண்ணனா? கடைசிப் பகுதியில் தம்பி உயிர்த் தியாகம் செய்ய, எலெனா அண்ணனோடு வாழ்க்கைப்பட்டாள். தம்பி கட்சியினர் இன்னும் அந்தத் தீர்ப்பை ஒப்புக்கொள்ளவில்லை. தாயார் சிரித்த வெற்றிச் சிரிப்பைப் பார்க்க வேண்டுமே! எனக்கு அந்தப் பெண்ணைக் கண்டால்தான் பாவமாக இருந்தது. என் கட்சி எது என்று இதிலிருந்தே தெரிந்துகொள்வீர்கள்.

அங்கிருந்து காலாற நடந்தால் பழைய தூண் வைத்த வீடுகள் வரிசையாக வருகின்றன. பெரிய பெரிய தாழ்வாரங்கள், ஓக் மரங்கள். அவற்றில் ஒன்றுதான் எலெனாவின் வீடு. உள்ளே குடும்பத்தார் வசிக்கும் சொந்த வீடு அது. ரசிகைகள் நடைபாதையில் நின்று பார்க்கலாம், படியேறக் கூடாது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. கதையின்படி, வீட்டுக்குரியவர் வாயைத் திறந்து ‘உள்ளே வா’ என்று அழைத்தாலொழியக் காட்டேரியால் வாசற்படியைத் தாண்ட முடியாது. அந்த வாசலில் ஸ்டெபானும் டேமனும் தயங்கித் தயங்கி நின்றார்கள். இன்று ரசிகைகள் அதே நிலையில் நிற்கிறார்கள்! பெரும்பாலோர் மரியாதையாகவே நடந்துகொள்கிறார்கள் என்று சொல்ல வேண்டும்.

சால்வட்டோர் சகோதரர்கள் வசித்த மாளிகையைப் பற்றிக் கேட்காதீர்கள். வெளிப்புறக் காட்சிகளுக்குப் பயன்பட்ட அந்த மாளிகை கோவிங்டனில் இல்லை; அட்லாண்டாவுக்கு வடக்கே ஸாண்டி ஸ்பிரிங்ஸில் இருந்தது. ‘இருந்தது’ என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. கிளென்ரிட்ஜ் ஹால் என்று பெயர்; 1929-ல் பழைய இங்கிலீஷ் பாணியில் கட்டியது. இதைக் காப்பாற்ற வேண்டும் என்று குரல்கள் எழுந்தும் பயன் இல்லாமல், 2015 ஏப்ரலில் இடித்துத் தள்ளிவிட்டார்கள். நூற்றைம்பது வருஷம் சாகாமலிருந்த சகோதரர்களின் வீட்டுக்கு எண்பத்தாறு வயதுகூட நிரம்பவில்லை.

இவ்வளவும் எங்கிருந்து வந்தது? நாலு புத்தகங்களிலிருந்து. டெலிவிஷன் வந்த பிறகே இந்தக் கதையை அறிந்தவர்கள், அதற்குச் சற்று முன் பிரபலமான ‘ட்வைலைட்’ நாவலைப் பார்த்துக் காப்பியடித்தது என்று சொல்லி விடுகிறார்கள். அது தவறு. ‘ட்வைலைட்’ வந்தது 2005-ல். இந்தத் தொடரின் முதல் புத்தகம் வந்ததோ 1991-ல், நாலாவது 1992-ல். எழுதியவர் எல். ஜே. ஸ்மித் என்னும் லிசா ஜேன் ஸ்மித். ஆசிரியை உத்தியோகம் பார்த்தவர்.

புத்தகத்தில் வரும் எலெனாவுக்குக் கூந்தல் தங்க நிறம், கண்கள் நீலம். அவளுக்குத் தம்பி கிடையாது. நாலு வயதுத் தங்கை உண்டு. ஊரின் பெயர் ஃபெல்ஸ் சர்ச். சகோதரர்கள் வர்ஜீனியாக்காரர்கள் அல்ல. ஐந்நூறு வருஷங்களுக்கு முன் இத்தாலியில் ஃபிளாரன்ஸ் நகரத்தில் பிறந்தவர்கள். டெலிவிஷன்காரர்கள் இத்தனையையும் மாற்றிவிட்டார்கள். மெரெடித் என்ற உயிர்த்தோழியைச் சுவடு தெரியாமல் எடுத்தே விட்டார்கள்! பழைய வாசகிகளுக்கு முதலில் மகா கோபம். பிறகு சமாதானமாகி, இரண்டையும் வெவ்வேறாக வைத்து ரசிக்கப் பழகிக்கொண்டார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர்கள் கோபம் தணியவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஸ்மித் அம்மையாரின் முதல் நாவல் 1987-ல் வந்து, அதிகம் விற்காமல் போயிற்று. அதைப் படித்த ஒரு புத்தகத் தயாரிப்புக் கம்பெனியார், காட்டேரிக் கதை எழுதித் தரும்படி கேட்டார்கள். எழுதிக் கொடுத்தார். கூலித் தறியில் நெய்கிறவளுக்குக் கூலிதான் சொந்தம், புடவை முதலாளியுடையது. அந்தமாதிரியான ஒப்பந்தம் அது. பாத்திரங்கள், பெயர்கள், கதை எல்லாம் கம்பெனிக்கே உரிமை. மறுபடி கிராக்கி ஏற்படவே, 2009 முதல் 2011 வரை அவரே இன்னும் மூன்று புத்தகங்கள் எழுதினார். பிறகு கதை எந்தப் பக்கம் போவது என்பதில் அபிப்பிராய பேதம் முற்றியது. 2011-ல் அவரை விலக்கிவிட்டு வேறொருவரை வைத்து எழுதினார்கள். அட்டையில் ‘எல். ஜே. ஸ்மித் படைத்தது’ என்று மட்டும் போட்டார்கள். உள்ளே இருந்த எழுத்து அவருடையதல்ல.

சட்டப்படி இதில் பிசகில்லை என்பார்கள். இருக்கலாம். பெற்றவளுக்குச் சொல்லாமல் பிள்ளைக்குக் கல்யாணம் செய்துவைப்பதற்குச் சட்டம் இடம் கொடுத்தால் மட்டும் போதுமா?

அவர் சும்மா இருக்கவில்லை. அமேஸான் கம்பெனி 2013-ல் ‘கிண்டில் வேர்ல்ட்ஸ்’ என்று ஓர் ஏற்பாடு செய்திருந்தது. பிறருடைய பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் தாங்களே கதை புனைந்து விற்கலாம்; வருமானத்தில் உரிமைக்காரருக்கும் ஒரு பங்கு போகும். 2014-ல் எல். ஜே. ஸ்மித் அதில் சேர்ந்து, தம்முடைய எலெனாவையும் டேமனையும் பற்றித் தாமே எழுதி வெளியிட்டார். ஆயிரம் ரசிகைகளில் தாமும் ஒரு ரசிகையாக! விலக்கப்பட்ட இடத்தில் அவர் எப்படிக் கதையை நடத்தியிருப்பார் என்று அறியத் துடித்த வாசகிகளுக்கு அது ஒரு வழி ஆயிற்று. 2018-ல் அந்த ஏற்பாட்டையே மூடிவிட்டார்கள். அந்தக் கதைகளும் விற்பனையிலிருந்து போய்விட்டன. 2025 மார்ச்சில் கலிபோர்னியாவில் அவர் காலமானார். வயது 66.

இனிப் போகிறவர்களுக்குச் சில யோசனைகள். ஜூலை, ஆகஸ்டில் ஜார்ஜியாவின் புழுக்கம் சென்னையைத் தோற்கடித்துவிடும், அக்டோபர் உத்தமம். அட்லாண்டாவிலிருந்து கார் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். படப்பிடிப்பு நடந்த இடங்களைச் சுற்றிக் காட்டக் கட்டணம் வாங்கிக்கொண்டு வழிகாட்டிகள் வருகிறார்கள். ஒரு காட்சி விடாமல் ஒப்பிப்பார்கள். சதுக்கத்தில் மாலை வேளையில் உட்கார்ந்திருப்பது இதமாக இருக்கும். பையில் 1991-ல் வந்த முதல் புத்தகத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். கோவிங்டனில் எங்கே திரும்பினாலும் கறுத்த கூந்தல் எலெனாவைத்தான் காட்டுவார்கள். தங்கக் கூந்தல் எலெனாவைப் பார்க்க வேண்டுமானால் அந்தப் புத்தகத்தைத்தான் பிரிக்க வேண்டும்.