பேனா எங்கே போச்சு?



கம்ப்யூட்டர் லேபில் ஸ்கிராட்ச் மென்பொருளில் கோலம் போடலாம்னு உட்கார்ந்தேன். கையில் இருந்த பழைய புத்தகத்தில் ‘பென்’ என்ற பிரிவு, பட்டியலிலேயே இருக்கு. என் திரையில் இல்லை! முந்தின பீரியடில் அங்கே உட்கார்ந்த தோழிதான் அழித்திருப்பாள் என்று எல்லார் முன்னாடியும் திட்டிவிட்டேன். அவள் அழுதுவிட்டாள்.

மறுநாள் இடது பக்கம் கீழ் மூலையில், பிளஸ் குறி போட்ட பொத்தானைச் சும்மா அமுக்கினேன். ‘எக்ஸ்டென்ஷன்’ என்னும் கூடுதல் இணைப்புகள் படம் படமாக வந்தன. அதில் பென்சில் படத்தோடு பென்! 2019-ல் வந்த ஸ்கிராட்ச் 3.0-ல் அதை இங்கே மாற்றிவிட்டார்களாம். என் புத்தகம் அதற்கு முந்தியது. ஒவ்வொரு புது புராஜெக்டிலும் மறுபடி சேர்க்கணும், மறந்துடாதீங்க. மொழிபெயர்ப்பு, எழுத்தைப் படித்துக்காட்டுவது ரெண்டுக்கும் நெட் வேணும். மழை பிடித்தால் நம்ம குப்பனூரில் நெட் ஏது? கம்ப்யூட்டரில் ஏற்றிய ஸ்கிராட்ச் என்றால் பேனாவுக்கு அது தேவையில்லை.

ஒரு சதுரம், 30 டிகிரி திருப்பு. இப்படி 12 தடவை. பூக்கோலம் வந்துவிட்டது! முதலில் அவளைத்தான் கூப்பிட்டுக் காட்டினேன்.

“அப்போ நான் அழிக்கலைல்ல?” என்றாள்.

“இல்லடி” என்றேன். கோலத்துக்குக் கலர் அவள்தான் மாற்றினாள்.

— 9-ம் வகுப்பு மாணவி